வாக்காளரே இல்லாத தொகுதி

தோழர் பி. ராமமூர்த்தி மதுரையில் பிறந்தவரல்லர். 1908-ல் சென்னையில் பிறந்து, காசியில் படித்தவர். ஆயினும் மதுரைத் தொழிலாளி அவரைத் தன் ஆளாகவே கொண்டான். 1946-ல் வெள்ளை அரசு அவர்மீதும் தோழர்கள்மீதும் தொடுத்த மதுரைச் சதி வழக்கு, சுதந்திரத்துக்கு முதல் நாள்தான் முடிந்து, அவர்கள் விடுதலையாயினர். பிறகு சொந்த நாட்டு ஆட்சியிலும் அவருக்குச் சிறைதான்!

வெள்ளையன் காலத்தில் வரி கட்டியவனுக்கும் படித்தவனுக்குமே ஓட்டு. 1952 பொதுத் தேர்தலில்தான் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு வந்தது. மில் தொழிலாளியும் கைத்தறி நெசவாளியும் வாக்குச்சாவடிக்குச் சென்றனர். மதுரை வடக்குத் தொகுதியில் சிறையிலிருந்தபடியே நின்ற பி.ஆர். வென்றார்.

சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றது 152. பெரும்பான்மை இல்லை. அப்போது நடந்தது என்ன? தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியைக் கவர்னர் ஸ்ரீபிரகாசா மேல்சபைக்கு நியமித்தார்; முதலமைச்சராகவும் அழைத்தார்.

இங்கிலாந்தின் பழைய பார்லிமெண்டில் உளுத்துப்போன தொகுதிகள் பல உண்டு. பழைய சாரம் என்ற ஊர் பாழ்மேடாகிவிட்ட பின்பும் 1832 வரை இரண்டு உறுப்பினர்களை அனுப்பி வந்தது. அயர்லாந்திலோ, 1800-ம் ஆண்டு இணைப்புச் சட்டத்தில் இத்தகைய தொகுதிகளை ஒழித்தபோது, தொகுதிக்குப் பதினையாயிரம் பவுன் நஷ்டஈடு கொடுத்தார்கள். மக்களுக்கா? இல்லை, தொகுதியின் சொந்தக்காரப் பிரபுக்களுக்கு! ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்து நம் சீமையின் வரிப்பணத்தில் கொழுத்த பால் பென்ஃபீல்டு போன்றவர்களும் அந்தப் பார்லிமெண்டில் இடம் பிடித்தனர். ஆனால் அங்கேகூடப் பெயருக்கேனும் நாலு வாக்காளர் இருந்தனர். கவர்னர் தந்த தொகுதியிலோ ஒருவர்கூட இல்லை.

பி.ஆர். சும்மா இருக்கவில்லை. அந்த நியமனத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்குத் தள்ளுபடியாயிற்று. அரசியல் சட்டத்தில் கவர்னருக்கு அந்த அதிகாரம் எழுதப்பட்டிருந்தது. கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்கென்று எழுதப்பட்டது, மந்திரிசபை அமைக்கும் கதவாயிற்று. மக்களிடம் ஓட்டுக் கேட்டு வராதவர் 1953-ல் கொண்டுவந்தது என்ன? பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில்! நாடு கொதித்தது, 1954-ல் ராஜாஜி விலகினார். அடுத்து வந்த காமராஜர், கொல்லைப்புற வழியை நாடாமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் மக்களைச் சந்தித்து வென்றார். மாற்றுக் கட்சியார் ஆயினும் இதைச் சொல்லாமல் விட நாம் தயாரில்லை.

பி.ஆர். பின்னர் மாநிலங்களவையிலும் இருந்தார். அது சட்டமன்ற உறுப்பினர்களின் ஓட்டால் வந்த இடம். 1964-ல் மார்க்சிஸ்ட் கட்சியைக் கட்டிய ஒன்பது அரசியல் தலைமைக் குழுவினரில் அவரும் ஒருவர். 1967-ல் மதுரை மீண்டும் அவரை அனுப்பியது, இம்முறை தில்லி நாடாளுமன்றத்துக்கு. 1970-ல் சி.ஐ.டி.யு. பிறந்தபோது அதன் பொதுச் செயலாளரானார்.

அவர் எதிர்த்து வழக்காடிய அந்த நியமனத்துக்கு இடம் தந்த மேல்சபை 1986 நவம்பரில் கலைக்கப்பட்டது. மறு ஆண்டு டிசம்பர் 15-ல் பி.ஆர். மறைந்தார்.