கபோன் பாதிரியார்

உருசிய வரலாற்றில் ‘இரத்த ஞாயிறு’ என வழங்கும் நாளோடு இணைத்தே நினைக்கப்படுபவர் கியோர்கி கபோன் பாதிரியார். அவரைத் தொழிலாளர் தலைவர் என்பாரும் உளர். காவல்துறையின் கையாள் என்பாரும் உளர். இரண்டில் ஒன்றை மட்டும் கொண்டு அவர் வாழ்வை அளந்துவிட இயலாது.

உக்ரைனில் பொல்தாவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், உழவர் குடியில் 1870இல் பிறந்தார். சமயக் கல்வி பயிலுங்கால் டால்ஸ்டாயின் கருத்துகள் அவரை ஈர்த்தன. மணம் புரிந்து குருப்பட்டம் பெற்ற அவர், 1898இல் மனைவி மறைந்தபின் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் சென்று இறையியற் கழகத்தில் சேர்ந்தார். துறைமுகப் பகுதியின் ஏழைகளிடையேயும் சிறைப்பட்டோரிடையேயும் தொண்டாற்றினார்.

தொழிலாளரைப் புரட்சியாளர் பக்கம் சாயாமல் தடுக்க, அரசே சங்கம் அமைத்துத் தரலாம் என எண்ணியவர் காவல்துறை அதிகாரி சுபாத்தொவ். அவ்வழியில் கபோன் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் சங்கத்திற்கு 1904இல் அரசு ஒப்புதல் கிடைத்தது. அதன் கிளைகளில் தேநீரும் நூல்களும் சொற்பொழிவும் இசையும் இருந்தன. உழைத்துக் களைத்தவர்க்கு அதுவே பெரும்பேறு. காவல்துறையின் பணம் அதில் கலந்திருந்தது உண்மை. எனினும் நம்பிக்கைக்குரிய சிலரோடு உரிமைக் கோரிக்கைகளை மறைவாக வகுத்து வைத்திருந்தவரும் அவரே.

புத்தீலொவ் ஆலையில் சங்க உறுப்பினர் நால்வர் வேலையிழக்க, 1905 சனவரியில் வேலைநிறுத்தம் மூண்டது. சில நாள்களில் இலட்சம் பேருக்கு மேல் அதில் இணைந்தனர். எட்டு மணி நேர வேலை, பேச்சுரிமை, மக்கள் தேர்ந்தெடுக்கும் அரசியல் நிர்ணய அவை, சப்பானியப் போரை நிறுத்தல் ஆகியவற்றை வேண்டி மன்னனுக்கு விண்ணப்பம் எழுதப்பட்டது.

பழைய நாட்காட்டிப்படி சனவரி 9ஆம் நாள் (புதியதில் 22), நகரின் பல திசைகளிலிருந்தும் மக்கள் குளிர்கால அரண்மனை நோக்கி நடந்தனர். கையில் ஆயுதம் இல்லை. திருவுருவப் படங்களும் மன்னனின் படமுமே இருந்தன. பெண்டிரும் குழந்தைகளும் உடன்வந்தனர். மன்னன் இரண்டாம் நிக்கொலாசோ அன்று நகரிலேயே இல்லை. கபோன் முன்சென்ற அணி நார்வா வாயிலை அடைந்தபோது படையினர் சுட்டனர். அவரருகே வந்த சங்கத் தலைவர் இவான் வசீலியெவ் மாண்டார். பிற இடங்களிலும் துப்பாக்கிகள் முழங்கின. இறந்தோர் ஏறத்தாழ 130 பேர் என்றது அரசு. அதனினும் மிகுதி என்றனர் மக்கள். பத்து நாள் கழித்து, தெரிந்தெடுத்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர் சிலரைச் சந்தித்த மன்னன், அவர்களின் குற்றத்தை மன்னிப்பதாக அறிவித்தான்! தந்தையாக அவனைக் கருதியிருந்த மக்கள் மனம் அதன்பின் மீளவே இல்லை.

நார்வா வாயிலில் கபோனின் முடியைக் கத்தரித்து உருமாற்றிக் காத்தவர் ரூத்தென்பர்க் என்னும் பொறியாளர். ‘தாய்’ புதினத்தால் நாம் நன்கறிந்த மாக்சிம் கார்க்கியின் இல்லம் அன்று அடைக்கலம் தந்தது. பின்னர் வெளிநாடு சென்று லெனின் முதலியோரைச் சந்தித்த கபோன், அவ்வாண்டு இறுதியில் நாடு திரும்பி மீண்டும் காவல்துறையோடு தொடர்பு கொண்டார். சங்கத்தை உயிர்ப்பிக்கவே என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆயினும் ரூத்தென்பர்க்கையும் அவ்வழிக்கு இழுக்க முயன்றமைக்குச் சமாதானம் கூறுதல் அரிது.

ரூத்தென்பர்க் அதனைத் தம் கட்சியினருக்கு வெளிப்படுத்தினார். 1906ஆம் ஆண்டு வசந்த காலத்தில், தலைநகரையடுத்த ஓசெர்க்கியில் ஆளில்லாக் கோடை வீடு ஒன்றுக்குக் கபோனை வரவழைத்தார். அடுத்த அறையில் மறைந்திருந்து அவர் பேச்சைக் கேட்டோர், அங்கேயே அவரைத் தூக்கிலிட்டனர். ஒரு மாதத்திற்குப் பின்னரே உடல் கண்டெடுக்கப்பட்டது. அவரை அடக்கம் செய்ய வந்தோர், அவரை அப்போதும் நம்பிய தொழிலாளர்களே.