துரத்தப்பட்ட பேனாவுக்குப் புகல் தந்தவர்கள்: ஐடா பி. வெல்ஸின் வாழ்வு

1892-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஐடா பி. வெல்ஸ் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து நியூயார்க்குக்குப் பயணமானார். அவருக்கு முப்பது வயது நிறைய இன்னும் சில வாரங்களே இருந்தன. ஜெர்சி சிட்டியில் அவரை எதிர்கொண்டு அழைக்க வந்த பத்திரிகை ஆசிரியர் டி. தாமஸ் ஃபார்ச்சூனின் கையில் ஒரு செய்தித்தாள் இருந்தது. டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் வெல்ஸ் பங்குதாரராக இருந்து நடத்திய 'ஃப்ரீ ஸ்பீச்' இதழின் அலுவலகம் வெள்ளையர் கும்பலால் சூறையாடப்பட்ட செய்தி அதில் இருந்தது. இதழின் மற்றொரு பங்குதாரரான ஃபிளெமிங் உயிர் தப்பி ஓடியிருந்தார். வெல்ஸ் திரும்பி வந்தால் கொல்லப்படுவார் என்ற மிரட்டலும் விடுக்கப்பட்டிருந்தது. சில வார வெளியூர்ப் பயணமாகப் புறப்பட்டவர், இரயிலை விட்டு இறங்கிய இடத்திலேயே ஊர்விலக்குக்கு உள்ளானார்.

கும்பல் கொலைகளை எதிர்த்து எழுதிய வெல்ஸை நம்மில் பலர் அறிவோம். எழுதியதற்காகத் துரத்தப்பட்ட பின்னர் அவர் எவ்வாறு தொடர்ந்து எழுத முடிந்தது, யார் இடம் கொடுத்தார்கள், அந்த இடத்துக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பவை குறைவாகவே பேசப்படுகின்றன. துன்புறுத்தப்படும் செய்தியாளர்களுக்கும் உரிமைப் போராளிகளுக்கும் சில மாதங்கள் தங்கி மீள இடமளிக்கும் திட்டங்கள் இன்று உலகில் சில உள்ளன. நெதர்லாந்தில் 2012-இல் தொடங்கிய 'ஷெல்டர் சிட்டி' அவற்றுள் ஒன்று. அத்தகைய அமைப்பு எதுவும் இல்லாத காலத்தில் வாழ்ந்தவர் வெல்ஸ்.

அவர் 1862 ஜூலை 16 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தார். 1878-இல் பரவிய மஞ்சள் காய்ச்சல் தாயையும் தந்தையையும் ஒரு கைக்குழந்தையையும் கொண்டுபோனது. பதினாறு வயதில் பள்ளி ஆசிரியை வேலையை ஏற்று, எஞ்சிய உடன்பிறப்புகளைக் காத்தார். பின்னர் மெம்ஃபிஸுக்குக் குடிபெயர்ந்தார். பெண்களுக்கான இரயில் பெட்டியிலிருந்து வலுவந்தமாக இறக்கப்பட்டபோது இரயில் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து, 1884-இல் 500 டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பைப் பெற்றார். 1887-இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைக் கவிழ்த்து, வழக்குச் செலவையும் அவர் தலையில் சுமத்தியது. சட்டத்தின் மீது நம்பிக்கை வைத்து நீதிமன்றப் படியேறியவர் வெறுங்கையோடு திரும்பிய கதை நமக்குப் புதிதன்று. கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் கிடந்த கிடப்பை இதழில் எழுதியதால் 1891-இல் ஆசிரியை வேலையும் பறிபோனது. அதன்பின் இதழே அவருடைய வாழ்வாதாரம்.

1892 மார்ச் 9 அன்று தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் என்ற மூன்று கறுப்பினத்தவர் மெம்ஃபிஸ் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் கூட்டாக நடத்திய 'பீப்பிள்ஸ் கிராசரி' என்ற மளிகைக் கடை, அருகிலிருந்த வெள்ளைக்காரர் கடையின் வியாபாரத்தைக் குறைத்ததே பகைக்கு வேர். தபால்காரரான மாஸ் வெல்ஸின் நெருங்கிய நண்பர். அவருடைய மகளுக்கு வெல்ஸ் ஞானத்தாய். நீதி கிடைக்காத இந்நகரை விட்டு வெளியேறுங்கள் என்று வெல்ஸ் எழுதினார். ஆயிரக்கணக்கானோர் மேற்கே ஓக்லஹோமா நோக்கிப் போயினர். எஞ்சியோர் டிராம் வண்டிகளைப் புறக்கணித்தனர். பிறகு மே 21 அன்று வெளியான தலையங்கத்தில், வெள்ளைப் பெண்களின் மானம் காக்கவே கும்பல் கொலைகள் நடக்கின்றன என்ற பொய்யின் மீது அவர் கை வைத்தார். அடுத்த வாரமே அலுவலகம் அழிக்கப்பட்டது.

மெம்ஃபிஸிலிருந்த கறுப்பின ஆண்கள் சிலர், அவர் திரும்பினால் ஆயுதமேந்திக் காப்போம் என்று உறுதி பூண்டிருந்தனர். அதை அறிந்ததாலேயே அவர் திரும்பவில்லை. தம் ஒருவர் பொருட்டு மேலும் பலர் சாகவும், அவர்தம் மனைவி மக்கள் அநாதையாகவும் அவர் உடன்படவில்லை. ஊரை விட்டு ஓடியவர் என்ற பழிச்சொல்லை இன்றும் நம் செய்தியாளர்கள் சுமக்கிறார்கள். திரும்பாமல் இருப்பதும் பிறரைக் காக்கும் செயலாக இருக்கக்கூடும் என்பதைப் பழி சொல்வோர் எண்ணுவதில்லை.

ஃபார்ச்சூனும் அவருடைய கூட்டாளி ஜெரோம் பீட்டர்சனும் தங்கள் 'நியூயார்க் ஏஜ்' இதழில் வெல்ஸுக்கு நான்கில் ஒரு பங்கு உரிமையும் வாரச் சம்பளமும் கொடுத்தனர். அதற்கு ஈடாக 'ஃப்ரீ ஸ்பீச்' இதழின் சந்தாதாரர் பட்டியலை அவர் கொடுத்தார். இந்தக் கொடுக்கல் வாங்கலை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். இரக்கப்பட்டுக் கொடுத்த உணவும் உறைவிடமும் என்று இதைச் சொல்ல முடியாது. அச்சகம் அழிந்தாலும் வாசகர்கள் அவர் பக்கம் இருந்தார்கள். அந்த வாசகர்களே அவர் கொண்டுவந்த மூலதனம். பங்காளியாக ஏற்கப்பட்டதால் அவர் யாருடைய தயவிலும் எழுத வேண்டியிருக்கவில்லை. ஜூன் 25 அன்று ஏழு பத்திகளில் அவருடைய கட்டுரை முதல் பக்கத்தில் வெளிவந்தது. பெயருக்குப் பதிலாக நாடுகடத்தப்பட்டவர் என்று பொருள்படும் சொல்லால் அவர் ஒப்பமிட்டார். அந்த இதழ் பத்தாயிரம் படிகள் அச்சிடப்பட்டது. அவற்றுள் ஆயிரம், அவரைத் துரத்திய மெம்ஃபிஸ் வீதிகளிலேயே விற்றன.

அடுத்த உதவி பெண்களிடமிருந்து வந்தது. விக்டோரியா எர்ல் மேத்யூஸ், மாரிட்சா லயன்ஸ் ஆகியோர் நியூயார்க், புரூக்ளின் நகரங்களின் கறுப்பினப் பெண்களைத் திரட்டி, 1892 அக்டோபர் 5 அன்று லிரிக் ஹாலில் கூட்டம் நடத்தினர். மேடைக்குப் பின்னால் 'ஐயோலா' என்ற அவருடைய புனைபெயர் விளக்குகளால் எழுதப்பட்டிருந்தது. எழுதிவந்த உரையை வாசிக்கையில் நண்பர்களையும் இழந்த ஊரையும் நினைத்து வெல்ஸ் கண்ணீர் விட்டார். குரல் மட்டும் தடுமாறவில்லை. அழுததற்காக அவர் வெட்கப்பட்டார் என்பதை அவருடைய தன்வரலாற்றில் காண்கிறோம். இதழ், ஊர், நண்பர் யாவற்றையும் ஏழு மாதங்களுக்குள் இழந்த ஒருவருக்கு அழுவதற்குக்கூட மேடையைத் தவிர வேறிடம் வாய்க்கவில்லை என்பதே நம்மை உறுத்துகிறது. 500 டாலரும், பேனா வடிவில் செய்த தங்க ஊசியணி ஒன்றும் அன்று அவருக்கு வழங்கப்பட்டன. அந்தப் பணத்தைக் கொண்டு 'சதர்ன் ஹாரர்ஸ்' என்ற குறுநூல் அச்சேறியது. முந்தைய எட்டு ஆண்டுகளில் நடந்த 728 கும்பல் கொலைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு சொல்லவாவது பட்டது என்பதை அந்நூல் காட்டியது. ஃபிரடெரிக் டக்ளஸ் அதற்கு முன்னுரையாக ஒரு கடிதம் தந்தார்.

மூன்றாவது புகலிடம் கடல் கடந்து கிடைத்தது. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஸ்ட்ரீட் என்ற ஊரில் வாழ்ந்த குவேக்கர் சமயப் பெண் கேத்தரின் இம்பி, 1888 முதல் ஓர் இதழ் நடத்திவந்தார். அதன் பெயர் 'ஆன்ட்டி-காஸ்ட்', அதாவது சாதி எதிர்ப்பு. நிறவெறிக்குச் சாதி என்ற சொல்லையே அவர் பெயராக ஏற்றிருந்தார் என்பதை நம் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். அடிமைகளை இரகசியமாக வடக்கே கடத்திக் காத்த வில்லியம் ஸ்டில்லின் ஃபிலடெல்ஃபியா இல்லத்தில் இம்பியும் வெல்ஸும் சந்தித்தனர். 1893 பிப்ரவரியில் டெக்சாஸில் ஹென்றி ஸ்மித் என்பவர் பெருங்கூட்டத்தின் முன் உயிரோடு எரிக்கப்பட்டார். அச்செய்தி கண்டு கொதித்த ஸ்காட்லாந்து எழுத்தாளர் இசபெல்லா மேயோ செலவை ஏற்க முன்வந்தார். வெல்ஸுக்கு அழைப்புக் கடிதம் சென்றது. ஏப்ரலில் அவர் கப்பலேறினார்.

அபர்தீனில் மேயோவின் வீடு பல நாட்டவருக்கும் திறந்திருந்தது. அங்கே தங்கியிருந்தவர்களில் இலங்கையைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபெர்டினாண்ட்ஸ் ஒருவர். இம்பி அவரைக் காதலிப்பதாகக் கடிதம் எழுத, அது மேயோவின் கைக்குப் போனது. மேயோ கடுஞ்சினம் கொண்டார். இம்பியை இயக்கத்திலிருந்து விலக்க வேண்டும், வெல்ஸும் அவரைக் கைவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். நிறவேற்றுமை எதிர்ப்புக்குப் பணம் தந்த வீட்டிலேயே ஒரு வெள்ளைப் பெண் வெள்ளையரல்லாத ஆணை விரும்பியது பொறுக்கவொண்ணாக் குற்றமாயிற்று. மெம்ஃபிஸ் தலையங்கம் தொட்டதும் இதே நரம்பைத்தான். அந்நிய மண்ணில், பிறர் பணத்தில் தங்கியிருந்த வெல்ஸ் ஓர் இரவு முழுதும் உறங்காமல் எண்ணிப்பார்த்து, இம்பியைக் கைவிட மறுத்தார். மேயோ அவரையும் ஒதுக்கினார். 1894-இல் மீண்டும் பிரிட்டன் சென்றபோது இதன் விளைவாகப் பண முடை அவரை வாட்டியது.

உதவி பெறுபவர் உதவுபவரின் விருப்பு வெறுப்புகளையும் சேர்த்தே பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இன்றும் மறையவில்லை. நன்கொடையாளர் சினந்தால் புகலிடம் மூடப்படும் என்றால், அங்கே தங்கியிருப்பவர் தம் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வார். வெல்ஸ் போட்டுக்கொள்ளவில்லை. அவரை அப்போது தாங்கியவர்கள் வேறு சிலர்: லிவர்பூலில் சமயகுரு ஆகெட், இலண்டனில் 'டெய்லி நியூஸ்' ஆசிரியர் கிளேடன் குடும்பத்தார். சிகாகோவின் 'இன்டர் ஓஷன்' நாளிதழ் அவருடைய பயணக் கடிதங்களை வெளியிட்டது. விடுதியிலோ வண்டியிலோ நிறத்தின் பெயரால் தடுக்கப்படாமல் நாள்களைக் கழித்த அனுபவத்தை அவர் அக்கடிதங்களில் பதிவு செய்தார். ஓய்வு என்று ஏதேனும் அவருக்குக் கிடைத்திருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாள்களிலும் கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பயணத்தின் பயனாக இலண்டனில் கும்பல் கொலை எதிர்ப்புக் குழு அமைந்தது.

1895-இல் வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்து சிகாகோவில் குடியேறினார். அதன்பின் நடந்தவையே நம்மைப் போன்ற வழக்காடுவோருக்கு மிகவும் பொருட்படுத்தத்தக்கவை. அடைக்கலம் பெற்றவர் இப்போது அடைக்கலம் தருபவரானார். தெற்கிலிருந்து வரும் கறுப்பின இளைஞர்களுக்குப் பிற நிறுவனங்கள் கதவடைத்த நிலையில், 1910-இல் ஸ்டேட் வீதியில் 'நீக்ரோ ஃபெல்லோஷிப் லீக்' சார்பில் படிப்பகமும் தங்குமிடமும் திறந்தார். செல்வர் ஒருவர் தந்துவந்த உதவி நின்றதும், நகர நீதிமன்றத்தில் நன்னடத்தை அலுவலர் வேலையை ஏற்று, தம் சம்பளத்திலிருந்தே வாடகை கட்டினார்.

1910-இல் ஸ்டீவ் கிரீன் என்ற வாரக் குடியானவர் ஆர்க்கன்சாவில் தம்மைச் சுட்ட நில உரிமையாளரைத் தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டுவிட்டுச் சிகாகோவுக்கு ஓடிவந்தார். இங்கே கைது செய்யப்பட்டு ஆர்க்கன்சாவிடம் ஒப்படைக்கப்பட்டார். அங்கே அவருக்குக் காத்திருந்தது கும்பல்தான். வெல்ஸும் வழக்கறிஞர்களும் ஆட்கொணர்வு ஆணை பெற்று வருவதற்குள் அவரை ஏற்றிய இரயில் கிளம்பிவிட்டது. வழியிலுள்ள ஷெரீஃப்களுக்கெல்லாம் செய்தி பறந்தது. மாநில எல்லையைத் தாண்டுவதற்குள் அவரை மீட்பவருக்கு 100 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. இல்லினாயின் தென்கோடியான கெய்ரோ நகரில் ஷெரீஃப் அவரை இரயிலிலிருந்து இறக்கினார். இந்த ஷெரீஃபுக்கு முன் அப்பதவியில் இருந்தவர் 1909-இல் ஒரு கும்பல் கொலையைத் தடுக்கத் தவறியதால் ஆளுநரால் நீக்கப்பட்டவர். அவர் மீண்டும் பதவி கேட்டபோது, கெய்ரோ சென்று விசாரித்து வந்து ஆளுநர் முன் வாதாடி அதைத் தடுத்தவர் வெல்ஸ். ஓராண்டுக்கு முன் அவர் வென்ற வாதம் ஸ்டீவ் கிரீனின் உயிரைக் காத்தது என்றே நாம் கருதுகிறோம். கிரீன் சிகாகோவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்.

இங்கே நம் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோர், அவரைச் சார்ந்தோர், தகவல் தந்தோர், சாட்சிகள் ஆகியோருக்குப் பாதுகாப்பும் வாழ்க்கைச் செலவும் இடமாற்றமும் அளிக்கச் சிறப்பு நீதிமன்றத்தைக் கடமைப்படுத்துகிறது. அந்த நான்கு வகையினருள் செய்தியாளர் தனியே சொல்லப்படவில்லை. சேரியில் நடந்ததை முதலில் எழுதியவர் ஊருக்குள் நுழைய முடியாமல் போனால், அவரைச் சாட்சியாகவோ தகவல் தந்தவராகவோ வழக்கில் காட்டினாலொழிய இப்பிரிவின் கீழ் அவருக்காக வாதிடுவது கடினம். முதல் தகவல் அறிக்கை பதியும் நாளிலேயே இதை மனத்தில் கொள்ளும்படி இளம் வழக்கறிஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

1919-இல் ஆர்க்கன்சாவின் எலைன் பகுதியில் சங்கம் அமைத்த கறுப்பின வாரக் குடியானவர்கள் மீது கொடும் படுகொலை ஏவப்பட்டது. தாக்கப்பட்டவர்களிலேயே பன்னிருவருக்கு மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் தெற்கில் கால்வைக்காத வெல்ஸ், கைதிகளின் உறவினர்போலப் பெண்களோடு பெண்ணாக அந்தச் சிறைக்குள் நுழைந்தார். சாவையும் மறுமையையும் பாடிக்கொண்டிருந்த அவர்களிடம், விடுதலை வேண்டிப் பாடவும் மன்றாடவும் சொன்னார். இழந்த நிலத்தையும் பருத்தியையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்து குறுநூலாக்கினார். கும்பலின் அச்சுறுத்தலுக்கு ஆட்பட்டு நடக்கும் விசாரணை சட்டப்படியான விசாரணையே ஆகாது என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1923-இல் அவர்களுள் அறுவர் வழக்கில் தீர்ப்பளித்தது. 1925 தொடக்கத்துக்குள் பன்னிருவரும் வெளியே வந்திருந்தனர்.

வெல்ஸ் 1931 மார்ச் 25 அன்று மறைந்தார். விடுதலையான அந்தப் பன்னிருவருள் ஒருவர் பின்னொரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவருடைய சிகாகோ வீட்டைத் தேடி வந்து கதவைத் தட்டியதை, முடிக்காமல் விட்டுச்சென்ற தன்வரலாற்றில் அவர் எழுதி வைத்திருக்கிறார். தாம் யாரென்று சொல்லி நன்றி கூறவே அவர் அவ்வளவு தொலைவு வந்திருந்தார்.