சிற்பியின் வரைவும் அரசின் இலச்சினையும்: அகஸ்டஸ் செயின்ட் கோடன்ஸின் வாழ்வும் பணியும்

முன்னுரை

இலச்சினை, பதக்கம், நாணயம் ஆகியவை ஒரு நிறுவனத்தின் பெயரால் வெளிவருவன. எனவே சிற்பி அளிக்கும் வரைவு அப்படியே அவற்றின் இறுதி வடிவமாவதில்லை. அமெரிக்கச் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் கோடன்ஸின் (1848-1907) வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

இளமையும் பயிற்சியும்

செயின்ட் கோடன்ஸ் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை பிரான்சு நாட்டைச் சார்ந்த காலணித் தொழிலாளர். தாய் அயர்லாந்துப் பெண்மணி. கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. பதின்மூன்றாம் வயதில் கேமியோ எனப்படும் நுண்புடைப்புருவம் செதுக்கும் தொழிலில் சேர்ந்தார். இரவில் ஓவியம் பயின்றார். 1867இல் பாரிஸ் சென்று நுண்கலைப் பள்ளியில் கற்றார். இளமையில் கைவந்த நுண்புடைப்பே பின்னாளில் அவர்தம் பதக்கங்களுக்கும் நாணயங்களுக்கும் அடிப்படையாயிற்று.

1881இல் திறக்கப்பட்ட ஃபாரகட் நினைவுச் சிலை அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஷா நினைவுச் சின்னத்தை நிறைவு செய்ய ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் உழைத்தார்.

இலச்சினையும் பதக்கமும்

பாஸ்டன் பொது நூலகத்தின் இலச்சினையைக் கென்யன் காக்ஸ் வரைந்தார். அதனைத் தழுவி, நூலக வாயிலின் மேல் அமையும் புடைப்புச் சிற்பத்தைச் செயின்ட் கோடன்ஸ் உருவாக்கினார். அதிலுள்ள ஆடையற்ற சிறுவர் உருவங்களுக்கு 1894இல் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் சிற்பம் மாற்றமின்றி நிலைத்தது.

அதே காலத்தில் சிகாகோ உலகக் கண்காட்சிப் பதக்கத்திற்கு வேறொரு முடிவு நேர்ந்தது. பின்புறத்தில் அவர் அமைத்த ஆடையற்ற இளைஞன் உருவம் செனட் உறுப்பினர்களின் எதிர்ப்பால் நீக்கப்பட்டது. நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பரின் வடிவம் அவ்விடத்தைப் பெற்றது; கொலம்பஸ் உருவம் தாங்கிய முன்புறம் மட்டுமே செயின்ட் கோடன்ஸின் படைப்பாக எஞ்சியது. இதனால் நாணயச்சாலையின்மீது அவருக்கு நீங்காக் கசப்பு ஏற்பட்டது.

இறுதிப் பணி

1905இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் நாணயங்களைப் புதுப்பிக்குமாறு அவரை வேண்டினார். பண்டைக் கிரேக்க நாணயங்களின் உயர்புடைப்பு இருவரையும் கவர்ந்திருந்தது. அப்போது செயின்ட் கோடன்ஸ் புற்றுநோயால் நலிவுற்றிருந்தார். எனவே அவர்தம் கருத்துக்கேற்ப மாதிரிகளை உதவியாளர் ஹென்றி ஹெரிங் வனைந்தார். இவ்வாறு உருவான இருபது டாலர் பொன் நாணயத்தின் ஒருபுறம் தீப்பந்தம் ஏந்தி நடந்துவரும் விடுதலை மங்கையும் மறுபுறம் பறக்கும் கழுகும் அமைந்தன.

முதல் மாதிரிகளின் புடைப்பு மிக உயர்ந்திருந்தமையால் ஒவ்வொன்றையும் பலமுறை அழுத்தி அச்சிட வேண்டியிருந்தது. புழக்க நாணயத்திற்கு இது பொருந்தாது எனப் பார்பர் எதிர்த்தார். இச்சிக்கல் தீருமுன், 1907 ஆகஸ்ட் 3 அன்று செயின்ட் கோடன்ஸ் காலமானார். அவ்வாண்டின் இறுதியில் உயர்புடைப்பு நாணயங்கள் பன்னிரண்டாயிரத்திற்குச் சற்று மிகுதியாக அச்சிடப்பட்டன. பின்னர்ப் பார்பர் புடைப்பைத் தாழ்த்தினார். உரோம எண்களில் இருந்த ஆண்டும் வழக்கமான எண்களுக்கு மாறியது. அத்திருத்த வடிவமே 1933 வரை வெளிவந்தது.

முடிவுரை

நூலகத்தில் வரைவு நிலைத்தது. பதக்கத்தில் பாதி அழிந்தது. நாணயத்தில் உயரம் குன்றியது. பார்பரின் எதிர்ப்பில் தொழில்நுட்ப நியாயமும் இருந்தமையால் அதனைக் காழ்ப்பு என்று மட்டும் கொள்ளவியலாது. ஆகவே வெளியிடப்பட்ட வடிவத்தை மட்டும் கொண்டு சிற்பியை மதிப்பிடுவது பொருந்தாது. வரைவு, மாதிரி, அச்சு ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கும்போதே சிற்பியின் பங்கும் நிறுவனத்தின் பங்கும் தெளிவாகும்.