அற்புத உலகைத் தமிழில் திறந்தவர்

நுழையும்முன்

அறிவியல் செய்தி ஒன்று ஆய்வுக்கூடத்திலிருந்து புறப்பட்டு வீட்டுத் திண்ணையை வந்தடைவதற்குள் பல கைகள் மாறுகின்றது. அவற்றுள் கடைசிக் கை, அச்செய்தியைப் பொதுமக்களுக்கு விளங்கும் மொழியில் எழுதுபவருடையது. அறிவியலைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அப்பணியைத் தமிழில் செய்த வரலாறு இது.

1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதுவரை சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் வழியாகச் சென்ற வண்டிகள் புகை கக்கியே சென்றன. புதிய வண்டியிலோ கரி இல்லை, நீராவி இல்லை, தலைக்குமேல் ஒரு கம்பி மட்டும் இருந்தது. அக்கம்பியைத் தொட்டுக்கொண்டு செல்லும் சட்டத்தின் வழியே மின்சாரம் இறங்கி, வண்டியினடியில் உள்ள மோட்டாரைச் சுழற்றி, தண்டவாளத்தின் வழியே திரும்பிச் செல்கின்றது. இன்று பள்ளி மாணவர் எவரும் இதைச் சொல்லிவிடுவர். அன்று தாம்பரத்திலிருந்து காய்கறிக் கூடையுடன் ஏறியவருக்கு யார் சொல்வது? எந்த நூலில், எந்த மொழியில் சொல்வது? மின்னியலை விளக்கும் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. அந்நாளில் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே ஏறத்தாழப் பத்தில் ஒருவர். ஆங்கிலம் அறிந்தவர்கள் அவர்களினும் மிகச் சிலர். மின்சாரத்தின் கதையையும் ரயிலின் கதையையும் அவர்களுக்குத் தமிழில் எழுதிய பெ. நா. அப்புசுவாமி, தொழிலால் ஒரு வழக்கறிஞர்.

அவர் பெயரின் முதலெழுத்து, தென்பாண்டி நாட்டின் ஓர் ஊரைக் குறிக்கின்றது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துப் பெருங்குளத்தில் 1891ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் அவர் பிறந்தார். தமிழ்ப் புதின முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவும் அவ்வூரினரே, அப்புசுவாமிக்கு நெருங்கிய உறவினர். உப்பு, சுங்கத் துறையில் அரசுப் பணியாற்றிய மாதவையா, எஞ்சிய பொழுதையெல்லாம் எழுத்துக்கே அளித்தவர். இளைஞர்களைப் பார்த்தால் எழுதத் தூண்டுவது அவர் இயல்பு. பட்டப்படிப்பிலும் தமிழ் கட்டாயப் பாடமாக வேண்டும் என்பதற்காகச் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் பேசிய அன்றே, 1925இல், அவ்வவையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவருடைய மகன் மா. கிருஷ்ணன் பின்னாளில் காட்டுயிர்களைப் பற்றி எழுதிப் பெரும்புகழ் பெற்றார். இயற்கையை எழுத்தில் வடிக்கும் ஆர்வம் அக்குடும்பத்தில் இருந்தது எனலாம்.

மாதவையாவின் தூண்டுதலைப் பெற்ற அப்புசுவாமியின் முதல் அறிவியல் கட்டுரை, தமிழர் கல்விச் சங்கத்தின் இதழான தமிழர் நேசனில் 1917ஆம் ஆண்டு வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அதற்கு முன்னரும் அறிவியல் தமிழில் எழுதப்பட்டதுண்டு. இரேனியஸ் பாதிரியாரின் பூமிசாஸ்திரம் 1832இலேயே அச்சேறியது. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியற் சொற்களைத் தமிழில் உருவாக்க ஒரு சங்கம் கண்டனர். இவை யாவும் போற்றத்தக்க முயற்சிகளே. ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை மாணவருக்காகவோ சொல்லாக்க அறிஞருக்காகவோ அமைந்தவை. தேர்வு எழுத வேண்டியவர் பாடநூலை விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படித்தாக வேண்டும். இதழ் வாசகருக்கு அக்கட்டாயம் இல்லை. முதற்பத்தி பிடிக்கவில்லையெனில் அவர் அடுத்த பக்கத்துச் சிறுகதைக்குச் சென்றுவிடுவார். அப்புசுவாமி எழுத முன்வந்தது அந்த வாசகருக்காக.

வழக்கறிஞருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கத் தோன்றும். அவர் தொழில் நடத்திய சென்னை உயர்நீதிமன்றத்தின் கோபுரத்திலேயே அக்காலத்தில் கலங்கரை விளக்கம் இருந்தது. 1894 முதல் 1977 வரை, கீழே சட்டமும் மேலே கடலோடிகளுக்கான ஒளியும் ஒரே கட்டடத்தில் வாழ்ந்தன. இதை வெறும் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் வழக்கறிஞர் தொழிலுக்கும் அறிவியல் எழுத்துக்கும் உறவு உண்டு என்பதை அவ்வாறு விட்டுவிட இயலாது. நிகழ்ச்சியை நேரில் காணாத நீதிபதிக்கு, சான்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, இடையில் ஒரு படியும் விடுபடாமல், முடிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அணுவைக் காணாத வாசகருக்கு அணுவை விளக்குபவர் செய்வதும் அதுவே. தமக்குத் தெரிந்தது பிறருக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடுவது வல்லுநர்க்கு நேரும் இடர். தாமே வெளியிலிருந்து வந்து கற்றுக்கொண்டவருக்கு, எந்த இடத்தில் புரியாமற்போகும் என்பது நினைவிருக்கும். அப்புசுவாமியின் வலிமை அங்கிருந்தே வந்தது என்று தோன்றுகின்றது.

எனினும் தம் அறிவை மட்டும் நம்பி அவர் எழுதத் துணியவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஜே. பி. மாணிக்கத்துடன் இணைந்து அற்புத உலகம் என்னும் நூலை உருவாக்கினார். இக்கல்லூரி அதற்கு முன் நூறாண்டு காலம் சென்னை ஜார்ஜ் டவுனில், உயர்நீதிமன்றத்துக்கு அண்மையில் இருந்தது. 1937இல் தாம்பரத்தையடுத்த சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு இடம் பெயர்ந்தது. புதர் மண்டிய அந்நிலத்தில் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவருடைய மனைவியும் மரங்களை நட்டு வளர்த்தனர். இன்று அவ்வளாகத்தில் நடப்பவர் காணும் நிழலில் ஒரு பகுதி அவர்கள் தந்தது. ஒரு வழக்கறிஞரும் ஒரு பேராசிரியரும் சேர்ந்து எழுதினர் என்பதே அந்நூலைப் பற்றிய முக்கியமான செய்தி. பேராசிரியர் இருந்தமையால் செய்தியில் பிழை நேராது. வழக்கறிஞர் இருந்தமையால் அது பொதுமக்களின் காதுக்கு எட்டாமற்போகாது. இத்தகைய கூட்டு இன்றும் அரிது.

மொழியைப் பற்றிய சண்டை அக்காலத்தில் கடுமையாக இருந்தது. கலைச்சொற்களை வடமொழியிலிருந்து பெறலாம் என்றனர் ஒரு சாரார். தனித்தமிழிலேயே ஆக்க வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். ஆங்கிலச் சொற்களை அப்படியே எழுதினாலென்ன என்று கேட்டவர்களும் இருந்தனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொல் தொகுதி ஒன்றை வெளியிட்டது. இந்தப் பூசலுக்கு நடுவே அப்புசுவாமி எழுதிக்கொண்டே சென்றார். அவருடைய நூல்களின் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: ரயிலின் கதை, மின்சாரத்தின் கதை, அணுவின் கதை, வானொலியும் ஒலிபரப்பும். ரயில், மக்கள் நாவில் ஏறிவிட்ட ஆங்கிலச் சொல், அவ்வாறே விடப்பட்டது. மின்சாரத்தில் மின் தமிழ், சாரம் வடமொழி, இரண்டும் ஒட்டிக்கொண்டு பிரிக்க இயலாமற்போன சொல். அணு, நம் பழைய நூல்கள் கையாண்ட சொல். புதிய பொருளில் மறுபடியும் வேலைக்கு வந்தது. வானொலியோ அக்காலத்தில் புதிதாகப் பிறந்து, மக்கள் விரும்பி ஏற்றுக்கொண்ட அழகிய தமிழாக்கம். ஒரே எழுத்தாளரின் நான்கு தலைப்புகளில் நான்கு வழிகளும் இருக்கின்றன. சொல் எந்தக் குலத்தில் பிறந்தது என்பதைவிட, கேட்டவுடன் பொருள் விளங்குகின்றதா என்பதையே அவர் முதலில் நோக்கினார் போலும். தூய்மையை விரும்புவோருக்கு இதில் குறை தோன்றலாம். ஆனால் கருத்தை ஏந்திய வாக்கியங்களில் பலமுறை பழகிய பின்னரே ஒரு கலைச்சொல் உயிர் பெறுகின்றது. அகராதியில் மட்டும் தங்கிவிட்ட சொற்கள் எத்தனையோ!

செய்தி சரியாக வந்து சேராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அவர் இளமைக் காலத்திலேயே ஒரு சான்று கிடைத்தது. 1910இல் ஹாலி வால்நட்சத்திரம் தோன்றியது. அதன் வாலில் சயனோஜன் என்னும் நச்சு வாயு இருப்பதாக வானியலார் கண்டறிந்திருந்தனர். மே மாதத்தில் பூமி அவ்வாலின் வழியே கடக்கும் என்றும் தெரிந்தது. இரண்டு செய்திகளும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் படித்த மக்கள், உலகமே நஞ்சுண்டு மடியப்போவதாக அஞ்சினர். மேனாட்டு நகரங்களில் கதவிடுக்குகளை அடைத்துக்கொண்டவர்களும் உண்டு. வால்நட்சத்திர மாத்திரை விற்றுப் பணம் சேர்த்தவர்களும் உண்டு. சொல்லாமல் விடப்பட்டது மூன்றாவது உண்மை. அந்த வால், நாம் சுவாசிக்கும் காற்றினும் பன்மடங்கு மெலிந்தது. அதனால் ஓர் எறும்புக்கும் தீங்கு நேராது. கல்வியில் முன்னேறிய நாடுகளின் நிலையே இதுவென்றால், வால்நட்சத்திரத்தைத் தீ நிமித்தமாகவே அறிந்திருந்த நம் ஊர்களைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. அப்போது அப்புசுவாமிக்கு வயது பதினெட்டு.

அவர் எழுதிய காலம் முழுவதும் வியப்பான செய்திகளுக்குக் குறைவில்லை. 1919இல் சூரிய கிரகணத்தின்போது விண்மீன்களின் ஒளி வளைவது அளக்கப்பட்டது. 1928இல் சர் சி. வி. இராமனின் கண்டுபிடிப்பு வெளியாயிற்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்ததாக எண்ணப்பட்ட சீலகாந்து என்னும் மீன், 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் மீனவர் வலையில் உயிரோடு சிக்கியது. அதே ஆண்டில் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. 1957இல் ஸ்புட்னிக் வானேறியது. இவை நடந்த காலத்தில் தமிழில் அறிவியல் எழுதுவோரும் பெருகினர். இராஜாஜி திண்ணை ரசாயனம் எழுதினார். கோவையிலிருந்து கலைக்கதிர் வந்தது. தனியராகப் புறப்பட்ட அப்புசுவாமிக்கு வழியில் துணைகள் சேர்ந்தன. கலைமகள் முதலிய இதழ்களில் அவர் கட்டுரைகள் தொடர்ந்து இடம்பெற்றன.

மற்றொரு பக்கமும் அவருக்கு உண்டு. சங்கப் பாடல்களில் தோய்ந்த அவர், அவற்றுள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஆங்கிலத்திலிருந்த அறிவியலைத் தமிழுக்குக் கொணர்ந்தவரே, தமிழிலிருந்த கவிதையை ஆங்கிலத்துக்கு அனுப்பினார். இதுபற்றித் தனியாகவே ஒரு பாடம் எழுதலாம்.

முதுமையிலும் அவர் எழுத்து நிற்கவில்லை. 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹாலி வால்நட்சத்திரம் எழுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் வந்தது. இம்முறை அதன் வாலுக்கு அஞ்சிக் கதவடைத்தவர் இல்லை. மாறாக, அதை அருகிருந்து காண விண்கலங்கள் அனுப்பப்பட்டன. தமிழ் வாசகர்களும் அது வரும் நாளையும் திசையையும் அறிந்திருந்தனர். ஏப்ரல் மாதத்தில் பூமியை நெருங்கிய அது, பின்னர் மெல்ல விலகிச் சென்றது. அவ்வாண்டு மே மாதம் 16ஆம் நாள், தம் தொண்ணூற்று நான்காம் வயதில், அப்புசுவாமி மறைந்தார். ஹாலி அடுத்து வருவது 2061இல். இப்பாடத்தைப் படிக்கும் உங்களுக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருக்கும்.