கொல்லுலையில் நின்ற வீரர்

பந்தயத்தில் முந்தி வந்தவனை உலகம் மாலையிட்டுப் போற்றும். பிந்தி வந்தவனை மறுநாளே மறக்கும். இஃது எங்கும் காணப்படும் இயல்பு. ஆயினும் பிரெஞ்சு தேசத்தின் மாபெருஞ் சைக்கிள் பந்தயமாகிய டூர் டி பிரான்ஸில் ஒருகாலும் முதற் பரிசு பெறாத ஒருவரை அந்நாட்டார் நூறாண்டு கடந்தும் மறந்தாரல்லர். அவரே யூஜீன் கிறிஸ்தோப் என்பவர். அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுந்தோம்.

கிறிஸ்தோப் 1885-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 22-ஆம் நாள் பாரிஸ் மாநகரை அடுத்த மலகோஃப் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிற் பூட்டுச் செய்யுந் தொழிலைப் பயின்றார். இரும்பைக் காய்ச்சவும், அடிக்கவும், அராவவும் அவர் கை பழகிற்று. பின்னர்ச் சைக்கிள் பந்தயமே அவருக்கு ஜீவனமாயிற்று. 1910-இல் மிலான் நகரினின்று சான் ரெமோ வரை நடந்த பந்தயத்தில், மலைப் பாதையிற் பனி மூடிப் பலர் பின்வாங்கவும், அவர் குளிரால் விறைத்த உடலோடு ஓட்டி வெற்றி பெற்றார்.

அக்காலத்திற் சைக்கிள் தொழிற்சாலைகள் தத்தம் பெயராற் குழுக்களை அமைத்து, ஓட்டுவோர்க்குச் சம்பளந் தந்து பந்தயங்களுக்கு அனுப்பின. குழு வெல்லின் அத்தொழிற்சாலையின் வண்டிகள் மிகுதியாக விலைபோகும். 1913-இல் கிறிஸ்தோப் பியூஜோ தொழிற்சாலையின் குழுவிற் சேர்ந்து டூர் பந்தயத்தில் இறங்கினார். முந்திய ஆண்டிலே தொடர்ந்து மூன்று நாள் ஓட்டங்களை வென்றும், புள்ளிக் கணக்கினால் அவர் இரண்டாம் இடமே பெற்றிருந்தார். இவ்வாண்டிலோ காலக் கணக்கே அளவாயிற்று. ஆதலின் வெற்றி அவருக்கே என்று பலரும் எண்ணினர்.

ஆறாம் நாள் ஓட்டம் பேயோனிலிருந்து லூஷோன் வரை, 326 கிலோமீட்டர். பிரினீஸ் மலைத்தொடரில் 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மாலே கணவாயை ஏறிக் கடந்து, கிறிஸ்தோப் மறுபுறம் இறங்கிக் கொண்டிருந்தார். அப்போது முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்குங் கவை முறிந்தது. வேறு வண்டி வாங்கலாகாது. பழுதைப் பிறர் உதவியின்றித் தாமே சரிசெய்தல் வேண்டும் என்பது அந்நாளைய விதி. குழுவினர் எத்துணைச் செல்வமுடையராயினும் ஓர் ஆணியும் எடுத்துக் கொடுத்தலாகாது. அவர் வண்டியைத் தோளிற் சுமந்து, பின்னே வந்தோரெல்லாந் தம்மைக் கடந்து செல்வதைக் கண்டுகொண்டே, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து சேன்ட் மரீ த கம்பான் என்னுஞ் சிற்றூரை அடைந்தார்.

அங்கே ஒரு கொல்லுலை இருந்தது. இளமையிற் கற்ற தொழில் அன்று கைகொடுத்தது. பந்தய அதிகாரிகள் அருகில் நின்று நோக்க, அவர் தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையைப் பொருத்தினார். மூன்று மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஒரு கையில் இரும்பும் மற்றொரு கையிற் சம்மட்டியும் பிடித்தவன் துருத்தியை எங்ஙனம் ஊதுவான்? ஆங்கிருந்த சிறுவன் ஒருவன் ஊதினான். பிறர் உதவி பெற்றார் என்று அதற்காகப் பத்து நிமிஷம் அபராதம் விதித்தனர். பின்னர் அதனை மூன்றாகக் குறைத்தனர். வெற்றி கைநழுவிற்று என்று அறிந்தும் அவர் பந்தயத்தை விட்டு நீங்கினாரல்லர். பாரிஸ் வரை ஓட்டி ஏழாம் இடம் பெற்றார். அவ்வாண்டு வென்ற பிலிப் தீஸ் என்பவரும் பியூஜோ குழுவினரே. ஆகவே தொழிற்சாலைக்கு நட்டம் ஒன்றுமில்லை. நட்டம் கிறிஸ்தோப் ஒருவருக்கே.

மகாயுத்தம் முடிந்தபின் 1919-இற் பந்தயம் மீண்டுந் தொடங்கிற்று. யுத்தத்தால் நலிந்த தொழிற்சாலைகள் ஒன்றுகூடி லா ஸ்போர்டிவ் என்னும் பெயரால் ஓட்டுவோரை ஆதரித்தன. சட்டைகள் பெரும்பாலும் ஒரே சாம்பல் நிறமாயிருந்தமையின், முன்னிற்பவர் யாரென மக்கள் அறிய மஞ்சட் சட்டை ஏற்படுத்தப்பட்டது. பந்தயத்தை நடத்திய லோட்டோ பத்திரிகை மஞ்சட் காகிதத்தில் அச்சாவது. அச்சட்டையை முதன்முதல் கிரெனோபிள் நகரில் அணிந்தவர் கிறிஸ்தோப்பே. ஆயின் விதி மீண்டும் வந்தது. பாரிஸ் சேர இரண்டே ஓட்டங்கள் எஞ்சியிருக்க, வலாஞ்சியேன் நகர்ப்புறத்திற் கவை மறுபடியும் முறிந்தது. பழுது பார்ப்பதில் ஒரு மணிக்கு மேற் கழிந்தது. மஞ்சட் சட்டையும் பிறர்பாற் சென்றது. மூன்றாம் இடம் பெற்ற அவருக்கு மக்கள் தாமே பணந் திரட்டி 13,000 பிராங்குக்கு மேல் அளித்தனர். 1922-இல் காலிபியே மலையிலும் மூன்றாம் முறையாகக் கவை முறிந்ததென்றால், அவர் பொறுமையை என்னென்பது!

அவர் 1970-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் காலமானார். அக்கொல்லுலை இருந்த இடத்தில் அவர் பெயரால் நினைவுப் பலகை நிற்கின்றது.

துருத்தி ஊதிய சிறுவனுக்காக அபராதம் விதித்தது நீதியோ என்று வினவின், நாம் அதனை நீதி என்று சொல்லத் துணியோம். இரும்பு முறிந்தது தொழிற்சாலையின் குறை. தண்டம் பெற்றவரோ தொழிலாளி. ஆயினும் அநீதி கண்டவிடத்துக் கையிலுள்ள சம்மட்டியைக் கீழே போடாமை அவரிடம் நாம் கற்கத்தக்கது. பவுல் அப்போஸ்தலர் தம் வாழ்வை ஓட்டத்துக்கு ஒப்பிட்டபோது, அதனை முடித்ததையே தமக்கு மகிழ்ச்சியாகக் கொண்டார். பரீட்சையிற் பெறும் வரிசையொன்றையே வாழ்வின் அளவாகக் கருதும் மாணவராகிய நாம், ஏழாவதாக வந்த இவ்வீரரையும் இடையிடையே நினைத்தல் நலம்.