வீட்டுக்கு ஏற்ற விளக்கு

காரைக்குடியில் உள்ள செக்காலையின் பெயரிலேயே செக்கும் ஆலையும் கேட்கின்றன. செக்கில் ஆட்டிய எண்ணெய் ஒரு காலத்தில் சமையலுக்கு மட்டும் அல்ல, விளக்குக்கும் அதுதான்.

செட்டிநாட்டு வீடு நீளமானது. முகப்பில் தொடங்கி, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பின்தெரு வரை போகும் வீடுகள் உண்டு. பகலில் முற்றங்களின் வழியே வெளிச்சம் கொட்டும். பொழுது சாய்ந்தால்? மாடத்தில் ஓர் அகல். தூணோரம் ஒரு குத்துவிளக்கு. கையில் ஒரு லாந்தர். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டுவந்து இழைத்த வீடுதான். ஆனாலும் இரவில் அடுப்படிக்குப் போக வேண்டுமானால் விளக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கூடத்தில் பெல்ஜியத்துச் சரவிளக்கு தொங்கினால் மட்டும் என்ன? அதில் மெழுகுவத்தி ஏற்ற ஏணி வேண்டுமே!

மனிதன் விளக்கைச் சுமந்த காலம் போய், ஒவ்வோர் அறையிலும் விளக்கு மனிதனுக்காகக் காத்திருக்கும் காலம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் தாமஸ் ஆல்வா எடிசன். மின்சார பல்பைக் கண்டுபிடித்தவர் அவர் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அது பாதிக் கதை. அவருக்கு முன்பே பல்பு செய்து பார்த்தவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் என்பவர் அவரோடு போட்டி போட்டுக்கொண்டே செய்தார். எடிசன் செய்த பெரிய காரியம் வேறு. ஒரு குடும்பத்துக்கு எப்படிப்பட்ட வெளிச்சம் வேண்டும் என்று வீட்டுக்குள் நின்று யோசித்தார்.

ரயிலில் பத்திரிகை விற்ற பையன்

1847ம் ஆண்டு பிப்ரவரி 11ந் தேதி, அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து மிலான் என்ற சிற்றூரில் எடிசன் பிறந்தார். ஏழு குழந்தைகளில் கடைக்குட்டி. பள்ளிக்கூடம் போனது சில மாதங்கள்தான். தாயார் நான்சி முன்பு ஆசிரியையாக இருந்தவர். மகனை வீட்டில் உட்கார வைத்து அவரே படிப்புச் சொல்லிக் கொடுத்தார்.

பன்னிரண்டு வயதில் பையன் ரயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்கப் போனான். காதும் அந்த வயதிலேயே மந்தமாகிவிட்டது. 1862ல் தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தையை, ஓடிவந்த ரயில் பெட்டியிலிருந்து காப்பாற்றினான். நன்றி மறவாத அந்தத் தகப்பனார் அவனுக்குத் தந்தி வேலை கற்றுக் கொடுத்தார். மின்சாரத்தோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான்.

1869ல் முதல் காப்புரிமை கிடைத்தது. சட்டசபையில் ஓட்டு எண்ணும் யந்திரம் அது. யந்திரம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வாங்க ஆள் இல்லை. ஜனங்கள் கேட்காத பொருளை இனிச் செய்வதில்லை என்று அன்றே முடிவு கட்டினார். 1876ல் நியூஜெர்ஸியில் மென்லோ பார்க் என்ற இடத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். மறு வருஷமே பேசும் யந்திரம் பிறந்தது. அவர் புகழ் உலகமெங்கும் பரவியது.

கண் கூசாத வெளிச்சம்

1878ல் ஒரு தொழிற்சாலையில் வில்விளக்குகள் எரிவதைப் பார்த்தார். இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரியும் விளக்கு அது. துறைமுகத்துக்கும் கடைவீதிக்கும் சரி. படுக்கை அறையில் அதை வைத்தால் கண் பொட்டையாகிவிடும்! போதாக்குறைக்கு வரிசையாகக் கோத்த விளக்குகள் எல்லாம் சேர்ந்தே எரிய வேண்டும், சேர்ந்தே அணைய வேண்டும். பாட்டி தூங்கும் அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பேரன் படிக்கும் அறையில் எரிய விட வழி இல்லை.

பணக்காரர் வீடுகளில் அப்போது காஸ் விளக்கு இருந்தது. அதற்கு நெருப்புக் குச்சி வேண்டும். கூரையில் கரி படியும், அறை சூடாகும், தீப்பிழம்பு எப்போதும் மேல்நோக்கியே நிற்கும். எடிசன் இந்த காஸ் விளக்கையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். அதன் அளவுக்கே மென்மையான ஒளி வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றி அணைக்க வேண்டும். விலையும் கட்டுப்படியாக வேண்டும். இதை முடித்துவிட்டது போலவே பத்திரிகைக்காரர்களிடம் அறிவித்தும் விட்டார். லண்டனில் காஸ் கம்பெனிப் பங்குகள் சரிந்தன. உண்மையில் அவர் கையில் அப்போது உருப்படியான பல்பு ஒன்றுகூட இல்லை. முதலாளிகளிடம் பணம் வாங்கியாகிவிட்டது, ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. தோற்றால் பெயர் போய்விடும்.

தடை எங்கே இருந்தது? செம்பில். பழைய பல்புகளுக்கு நிறைய மின்சாரம் பாய வேண்டும். அதற்குத் தடித்த செம்புக் கம்பி வேண்டும். ஓர் ஊருக்கே கம்பி இழுத்தால் செம்புச் செலவிலேயே கம்பெனி திவாலாகிவிடும். பல்புக்குள் இருக்கும் இழை மெல்லியதாக, மின்சாரத்தை நன்றாகத் தடுப்பதாக இருந்தால், வெளியே மெல்லிய கம்பி போதும் என்று கணக்குப் போட்டார். பிறகு இழைக்காக எத்தனையோ பொருள்களைக் கருக்கிப் பார்த்தார்கள். 1879 அக்டோபரில், கருக்கிய பருத்தி நூல் ஒன்று, காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் எரிந்தது.

அந்த வருஷக் கடைசி இரவில் பொதுஜனங்களுக்குக் காட்சி. தனி ரயில்களில் கூட்டம் வந்து குவிந்தது. ஆய்வுக்கூடத்தில் மட்டுமா விளக்கு! பாதையோரக் கம்பங்களிலும், ஊழியர்கள் சாப்பிட்டுத் தங்கிய சாரா ஜோர்டான் அம்மாளின் விடுதியிலும் விளக்குகள் எரிந்தன. சாதாரணச் சாப்பாட்டு விடுதி ஒன்று உலகில் முதலில் மின்விளக்குப் பெற்ற வீடுகளில் ஒன்றாயிற்று.

மூங்கில் தேடி

நூலைவிட மூங்கில் நார் நன்றாக உழைத்தது. ஆயிரம் மணிக்கு மேல் எரிந்தது. நல்ல மூங்கில் தேடித் திசைக்கு ஓர் ஆளை அனுப்பினார் எடிசன். ஜப்பான் மூங்கில் தேறியது. அப்புறமும் அவருக்குத் திருப்தி இல்லை. 1888ல் ஜேம்ஸ் ரிக்கால்டன் என்ற பள்ளி ஆசிரியரை அனுப்பினார். அவர் இலங்கை, இந்தியா, பர்மா என்று மூங்கில் காடுகளில் அலைந்தார். செட்டிநாட்டார் வட்டிக்கடை வைத்திருந்த சீமைகளில், அதே காலத்தில், ஒரு வெள்ளைக்கார வாத்தியார் விளக்குக்காக மூங்கில் ஒடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்!

தெருவுக்கு அடியில் கம்பி

பல்பு மட்டும் இருந்தால் வீடு வெளிச்சமாகிவிடுமா? மின்சாரம் வர வேண்டும். ஸ்விட்ச், பல்பு மாட்டும் ஹோல்டர், ஆபத்து வந்தால் உருகி மின்சாரத்தை நிறுத்தும் ப்யூஸ் எல்லாம் வேண்டும். இவற்றில் பலவற்றைக் கடையில் வாங்க முடியாது. ஆகவே அவரும் அவருடைய ஆட்களும் ஒவ்வொன்றாகச் செய்தார்கள். 1882 செப்டம்பர் 4ந் தேதி, நியூயார்க் நகரத்துப் பேர்ல் தெருவில் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. கம்பிகள் எல்லாம் தெருவுக்கு அடியில். முதல் நாள் எரிந்தவை சுமார் 400 விளக்குகள். இரண்டே வருஷத்தில் அது பத்தாயிரத்தைத் தாண்டியது.

மின்சாரத்தை அளந்த விதமும் வேடிக்கையானது. ஒரு ஜாடியில் திராவகம். அதில் துத்தநாகத் தகடுகள். மின்சாரம் ஓட ஓட ஒரு தகடு கரைந்து மற்றொன்றில் படியும். மாதம் ஒருமுறை தகட்டை எடுத்துத் தராசில் நிறுத்து பில் போட்டார்கள். குளிர்காலத்தில் திராவகம் உறைந்துவிடாதபடி ஜாடிக்கு அடியில் ஒரு பல்பை எரிய விட்டார்கள். மின்சாரமும் ரசாயனமும் கைகோக்கும் இந்தத் துறைக்கென்றே செக்காலைக்கு அருகில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் நிலையம்தான் அது.

கோடீஸ்வரர் வீட்டுத் தீ

பெரிய முதலாளியான ஜே. பி. மார்கன், 1882ல் தம் மாளிகை முழுவதும் எடிசன் விளக்கைப் போட்டுக்கொண்டார். குதிரை லாயத்துக்கு அடியில் யந்திரம் ஓடியது. பக்கத்து வீட்டு அம்மாள் தன் வீடே அதிர்கிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார். யந்திரத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கினார்கள். அதை ஓட்டுகிறவர் இரவு பதினொரு மணிக்கு நிறுத்திவிட்டுப் போய்விடுவார். விருந்தாளிகள் சீட்டாடிக்கொண்டிருந்தாலும் இருட்டுதான்!

ஒருநாள் மேஜை விளக்குக்காகக் கம்பளத்துக்கு அடியில் ஓடிய கம்பி பற்றிக்கொண்டது. புத்தக அறையில் மேஜையும் கம்பளமும் கருகின. மார்கன் விடவில்லை; கம்பியைச் சரியாகப் போடச் சொல்லி மறுபடியும் எரிய விட்டார். வாண்டர்பில்ட் என்ற மற்றொரு செல்வர் வீட்டிலோ, சுவரில் ஒட்டியிருந்த ஜரிகைத் துணியில் கம்பி உரசிப் புகை கிளம்பியது. வீட்டு அம்மாள் பயந்து எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லிவிட்டார். பாய்க்கு அடியிலும் கதவிடுக்கிலும் கம்பி ஓட்டும் வீடுகள் இன்றும் உண்டு. அவர்கள் இந்த இரண்டு வீட்டுக் கதையையும் கேட்க வேண்டும்.

ஆனால் அழகுக்கும் அன்றே வழி பிறந்தது. காஸ் சுடரைத் தலைகீழாகத் தொங்கவிட முடியாது, பல்பைத் தொங்கவிடலாம். சாப்பாட்டு இலைமேல் நிழல் விழாமல் ஒளி நேரே இறங்கும். கண்ணாடிப் பூவுக்குள் ஒளித்து வைக்கலாம். எடிசனின் கூட்டாளி ஜான்சன், 1882 கிறிஸ்துமஸுக்கு சிவப்பு, வெள்ளை, நீலமாக 80 பல்புகளை ஒரு மரத்தில் கட்டிச் சுழல விட்டார். கல்யாண வீட்டு வாசலில் தொங்கும் சீரியல் செட்டுக்கு அதுவே மூதாதை. எல்.இ.டி. வந்த பிறகு இழை பல்பு ஒதுங்கிவிட்டது. ஆனாலும் வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் அன்று கேட்டவைதான். வாசல் விளக்கு வருகிறவர் முகத்தைக் காட்டுகிறதா, கண்ணைக் குத்துகிறதா? மாடிப்படிக்குக் கீழும் மேலும் ஸ்விட்ச் உண்டா? வளவுத் தூணின் தேக்கு நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் வெள்ளை விளக்கைவிட இளமஞ்சள் விளக்கே ஏற்றது.

பிடிவாதம்

வீடெங்கும் விளக்கு பரவிய நாளில் எடிசன் வீட்டில் துக்கம் நுழைந்தது. 1884ல் மனைவி மேரி, மூன்று குழந்தைகளை விட்டுவிட்டு இறந்தார். 1886ல் மினா மில்லரை மணந்து, கிளென்மான்ட் என்ற மாளிகையில் குடியேறினார்.

புகழின் உச்சியில் ஒரு பெரிய தவறும் செய்தார். அவருடைய மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது. மின்நிலையத்திலிருந்து ஒரு மைல் தாண்டினாலே விளக்கு மங்கிவிடும். வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் மாறுதிசை மின்சாரத்தை வெகுதூரம் அனுப்பிக் காட்டினார். எடிசன் ஒப்புக்கொள்ளவில்லை. அது உயிர்க்கொல்லி என்று பயமுறுத்தினார். அதைக் காட்டுவதற்காக நாய்களையும் கன்றுகளையும் கொன்ற கோரச் சோதனைகளுக்கு 1888ல் அவர் ஆய்வுக்கூடமே இடம் கொடுத்தது. 1892ல் அவருடைய கம்பெனி வேறொன்றோடு சேர்ந்தபோது எடிசன் என்ற பெயரே நீக்கப்பட்டது. அவர் பிடிவாதம் வென்றிருந்தால், விளக்கு பெரிய நகரங்களோடு நின்றிருக்கும். பைகாராவிலும் பாபநாசத்திலும் அருவி நீரில் எடுத்த மின்சாரம் மலை இறங்கித் தொலைதூர ஊர்களுக்கு வந்தது, அவர் எதிர்த்த அந்த மாறுதிசை மின்சாரமாகத்தான்.

ஒரு நிமிஷ இருட்டு

1931ம் ஆண்டு அக்டோபர் 18ந் தேதி, எண்பத்து நாலாவது வயதில் எடிசன் காலமானார். அஞ்சலியாக நாடு முழுவதும் மின்சாரத்தைச் சற்று நிறுத்தலாமா என்று அமெரிக்க ஜனாதிபதி ஹூவர் யோசித்தார். முடியாது என்று தெரிந்தது. ஒரு கணம் மின்சாரம் நின்றாலும் உயிர்ச்சேதம் நேரும் அளவுக்கு வாழ்க்கை அதை நம்பியிருந்தது. ஆகவே மின்நிலையங்கள் ஓடட்டும், அவரவர் வீட்டு விளக்கை அவரவரே அணைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். 21ந் தேதி, அடக்கம் நடந்த நாளின் இரவு பத்து மணிக்கு, ஜனங்கள் எழுந்துபோய் ஸ்விட்சைத் தட்டி, தங்கள் விளக்கை ஒரு நிமிஷம் அணைத்து வைத்தார்கள்.