கால் நூற்றாண்டு காத்திருந்த கடலணை

பருவநிலை மாற்றத்தால் கடல் மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில், அதற்கேற்பத் தம்மைத் தகவமைத்துக்கொள்ள விரும்பும் நாடுகள் முதலில் திரும்பிப் பார்ப்பது நெதர்லாந்தைத்தான். அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அங்குள்ள அணைகளின் நீள அகலங்கள் குறித்து நிறையவே எழுதப்படுகின்றன. அவை எழுவதற்கு எத்தனை ஆண்டுகள் பிடித்தன, எதற்காகத் தாமதம் ஆயின என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பொறியாளர் கோர்னேலிஸ் லேலியின் வாழ்க்கையில் அதற்கு விடை இருக்கிறது.

லேலி 1854 செப்டம்பர் 23 அன்று ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். டெல்ஃப்ட் நகரில் பொறியியல் பயின்று 1875-இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் வடகடலின் ஒரு கிளை, சைடர்சே என்ற பெயருடன், நெதர்லாந்தின் நடுப்பகுதி வரை நீண்டு கிடந்தது. மீன்வளம் மிக்க அந்த உப்புநீர் விரிகுடா, புயற்காலங்களில் கரையோர ஊர்களை விழுங்குவதும் வழக்கம். அதை அடைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் பதினேழாம் நூற்றாண்டிலேயே தோன்றியிருந்தது. ஆயினும் அது கனவாகவே இருந்தது.

அதை ஆராய்வதற்கென்று 1886-இல் தொடங்கப்பட்ட சங்கத்தில் லேலி பொறியாளராகச் சேர்ந்தார். அடித்தள மண், நீரோட்டம், அலையேற்றம், செலவு என ஒவ்வொன்றையும் ஆராய்ந்து 1891-இல் முழுத் திட்டத்தை முன்வைத்தார். விரிகுடாவின் வாயில் ஒரு நீண்ட அணைக்கரை. அதற்குள் பாயும் ஐசல் ஆற்றின் நீரால் காலப்போக்கில் நன்னீராக மாறும் ஓர் ஏரி. ஏரியின் ஓரங்களில் நீரை இறைத்து மீட்கப்படும் விளைநிலங்கள் - திட்டத்தின் சாரம் இதுதான். முழு விரிகுடாவையும் வறளச் செய்யாமல், ஆற்று வெள்ளத்துக்கு நடுவில் இடம் விட்டதே அவருடைய நுண்ணறிவுக்குச் சான்று. புயற்கடலை எதிர்கொள்ளும் கரையின் நீளமும் இதனால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்.

அதே ஆண்டில் அவரே நீர்வளத்துறை அமைச்சரானார். தம் திட்டத்தை ஆராய ஓர் அரசுக் குழுவை அமைத்தார். அக்குழு 1894-இல் சாதகமான அறிக்கையை அளித்த அந்த ஆண்டிலேயே ஆட்சி மாறியது. 1897-இல் மீண்டும் அமைச்சரானார். தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் அவருடைய முயற்சியால் நிறைவேறியது. ஆனால் 1901-இல் அவர் கொண்டுவந்த சைடர்சே மசோதாவை அடுத்து வந்த அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. செலவு மிகுதி என்பது ஒரு தரப்பு. மீன்பிடித் தொழில் அழியும் என்பது மற்றொரு தரப்பு. பிறகு அவர் தென் அமெரிக்காவில் இருந்த சூரினாம் குடியேற்றத்துக்கு ஆளுநராகப் போய், 1905-இல் திரும்பினார். 1913-இல் மூன்றாம் முறையாக அமைச்சர் பதவி தேடிவந்தபோது, சைடர்சே திட்டம் அரசின் செயல்திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் அதை ஏற்றார்.

1916 ஜனவரி 13-ஆம் தேதி இரவு பெரும்புயல் வீசியது. கரைகள் பல இடங்களில் உடைந்தன. மார்க்கன் என்ற சிறு தீவில் மட்டும் 16 பேர் மாண்டனர். முதலாம் உலகப் போரில் நெதர்லாந்து நடுநிலை வகித்தபோதும் உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியது. வெள்ளமும் பசியும் சேர்ந்து வந்தபின், செலவைப் பற்றிய முணுமுணுப்புகள் அடங்கின. 1918 ஜூன் 14 அன்று சட்டம் நிறைவேறியது. திட்டம் முன்பே வகுக்கப்பட்டிருக்காவிட்டால், அந்த இரண்டு ஆண்டுகள் குழுக்கள் அமைப்பதிலேயே கழிந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. அணை கட்டினால், தடுக்கப்பட்ட நீர் அணைக்கு வெளியே உள்ள கரைகளில் எவ்வளவு உயரும்? நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஹென்ட்ரிக் லோரன்ஸின் தலைமையில் குழு ஒன்றை லேலி அமைத்தார். அணுவின் உலகில் உலவிய அந்த அறிஞர் எட்டு ஆண்டுகள் கடலலைகளைக் கணக்கிட்டு 1926-இல் அறிக்கை தந்தார். அதன்படி அணையின் தடமும் வெளிக்கரைகளின் உயரமும் திருத்தப்பட்டன. ஓரிடத்தைக் காக்கும் வேலை அடுத்த இடத்துக்கு ஆபத்தாக முடியக் கூடாது என்ற கவனம் இன்றைய கடலோரத் திட்டங்கள் பலவற்றில் காணக் கிடைப்பதில்லை.

மீனவர் விஷயத்தில் அத்தகைய கவனம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அவர்களுக்கான உதவிச் சட்டம் 1925-இல்தான் வந்தது. அதுவும் போதாது என்றே அவர்கள் குமுறினர். ஏரி நன்னீரானபின் ஹெர்ரிங், நெத்திலி மீன்கள் மறைந்தன. வழிவழியாக வலை வீசிய குடும்பங்கள் பிற தொழில்களுக்குச் சிதறின. பலரைக் காக்கும் திட்டத்துக்குச் சிலர் விலை கொடுத்தனர். அந்த விலை உரிய காலத்தில் கணக்கிடப்படவில்லை.

லேலி 1929 ஜனவரி 22 அன்று காலமானார். 32 கிலோமீட்டர் நீள அணைக்கரையின் கடைசி இடைவெளி அடைக்கப்பட்டது 1932 மே 28 அன்று. மீட்ட நிலத்தில் பின்னர் எழுந்த நகரம் லேலிஸ்டாட் என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1953 பிப்ரவரி முதல் நாள் வடகடல் பொங்கியபோது, அவருடைய அணைக்குப் பின்னே இருந்த ஊர்கள் தப்பின. அத்தகைய அணை இல்லாத தென்மேற்கு நெதர்லாந்தில் 1,836 பேர் உயிரிழந்தனர். அங்குள்ள கரைகள் தாழ்வானவை என்று அரசுப் பொறியாளர் யோஹான் ஃபான் வேன் பல ஆண்டுகளாகவே எச்சரித்துவந்தார். அங்கும் அழிவுக்குப் பிறகுதான் டெல்டா திட்டம் பிறந்தது.

இப்போது லேலியின் அணைக்கே புதிய சோதனை. ஏரியின் உபரிநீர், கடல் வற்றும் நேரத்தில் மதகுகள் வழியாகத் தானே வடிய வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. கடல் மட்டம் உயர உயர, அந்த நேரம் குறைகிறது. ஆகவே பெரும் நீரேற்று எந்திரங்கள் பொருத்தப்படுகின்றன; கரையும் வலுப்படுத்தப்படுகிறது. கூடவே, தொண்ணூறு ஆண்டுகளாக அடைபட்டிருந்த மீன்கள் கடலுக்கும் ஏரிக்கும் இடையே போய்வர, அணையின் ஊடே ஒரு வளைந்த நீர்வழியும் அமைக்கப்படுகிறது.